அடிபட்ட மூளையிடம் அனுமதி கேட்கலாமா?

2014 உலகக் கோப்பைக் கால்பந்து, சாவ் பாவ்லோ மைதானம். இங்கிலாந்தின் ரஹீம் ஸ்டெர்லிங்கின் முழங்கால், உருகுவே வீரர் ஆல்வரோ பெரெய்ராவின் தலையில் மோதுகிறது. ஆள் அசைவற்றுக் கிடக்கிறார். ஓடிவந்த அணி மருத்துவர், மாற்று ஆளை இறக்கும்படி கைகளைச் சுழற்றிச் சைகை காட்டுகிறார். அதற்குள் எழுந்துவிட்ட பெரெய்ரா விரலை ஆட்டிக் கத்துகிறார்: வெளியேற மாட்டாராம். கடைசியில் ஜெயித்தது அவர்தான். ஆட்டம் முடியும்வரை ஆடினார். பிறகு மருத்துவரிடம் மன்னிப்பும் கேட்டார்.

வீரம் என்று கைதட்டியவர்கள் உண்டு. மருத்துவரோடு வாதாடியது அடிபட்ட மூளை என்பதுதான் சிக்கல்.

தலையில் பலமாக அடி விழும்போது, மண்டையோட்டுக்குள் மூளை சட்டென்று குலுங்கித் திரும்புகிறது. மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தக் குளறுபடியைச் சரிக்கட்ட செல்களுக்குக் கூடுதல் குளுக்கோஸ் வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைகிறது. சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கவனமும் நிதானமும் தடுமாறும். போதாததற்கு, ஆட்டச் சூட்டில் சுரக்கும் அட்ரினலின் வலியை அமுக்கிவிடும். கணுக்கால் பிசகினால் எடுத்துச் சொல்ல மூளை இருக்கிறது. மூளையே பிசகினால்?

அதே உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் 17ஆவது நிமிடத்தில் அடிபட்டார். தொடர்ந்து ஓடினார். சற்று நேரத்தில் நடுவர் ரிட்சோலியிடம் போய், இது இறுதி ஆட்டமா என்று கேட்டார். வேடிக்கை என்று நினைத்த நடுவர், அவர் மெய்யாகவே கேட்பது புரிந்ததும் ஜெர்மனி வீரர் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொல்ல, 31ஆவது நிமிடத்தில் வெளியே அழைத்துக்கொண்டார்கள். அவருக்குப் பதிலாக வந்த ஷுர்லே கொடுத்த பந்தைத்தான் கோட்ஸே கோலாக்கினார், கோப்பை ஜெர்மனிக்கு.

கிராமரிடம் பெயரைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். அதனால்தான் மைதான மருத்துவர்கள் பெயரையும் தேதியையும் நம்புவதில்லை. ‘இது எந்த மைதானம்? கடைசியாக கோல் போட்டது யார்? போன ஆட்டத்தில் யாரோடு மோதினோம்?’ என்று கேட்கிறார்கள். ‘மேடாக்ஸ் கேள்விகள்’ என்று பெயர். பழைய நினைவு பிழைத்துக்கொள்ளும், புதியதுதான் முதலில் உதிரும்.

2014 செப்டம்பரில் ஃபிஃபா, ஆட்டத்தை மூன்று நிமிடம் வரை நிறுத்திப் பரிசோதிக்க வழிசெய்தது. முடிவு மருத்துவருடையது என்றது. மூன்று நிமிடம் போதுமா என்பது என் சந்தேகம். கிரிக்கெட்டில் நடந்ததைப் பாருங்கள்: 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டபோது அவர் 80 ரன் எடுத்திருந்தார். வெளியே போனார், பரிசோதனையில் தேறினார், திரும்பிவந்து 92 வரை அடித்தார். மறுநாள் காலையில்தான் மூளையதிர்ச்சியின் (கன்கஷன்) அறிகுறிகள் தலைகாட்டின. அந்த மாதம்தான் அமலுக்கு வந்திருந்த விதிப்படி, லபுஷேன் டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் ‘கன்கஷன்’ மாற்று வீரராக இறங்கினார்.

அமெரிக்காவில் 69 இளம் வீரர்களை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அடிபட்டதும் வெளியேறியவர்கள் சராசரியாக 22 நாளில் தேறினார்கள். ஆடிக்கொண்டே இருந்தவர்களுக்கு 44 நாள். ஸ்மித்தும் அடுத்த டெஸ்டில் ஆட விடப்படாமல் உட்காரவைக்கப்பட்டார். அதற்கடுத்து ஓல்ட் டிராஃபோர்டில் எடுத்தது 211 ரன்.