ஆசிரியரின் இருபது நிமிடம் யாருக்கு?

எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்ற இலக்கோடு 'எண்ணும் எழுத்தும்' இயக்கத்தை 2022 ஜூனில் தொடங்கியபோது தமிழக அரசு வைத்த கெடு 2025. அது கடந்துவிட்டது. ஏறக்குறைய இதே இலக்குக்கு ஒன்றிய அரசின் 'நிபுண் பாரத்' வைத்த கெடு 2026-27 கல்வியாண்டு. கெடு நெருங்க நெருங்க, பெற்றோரின் கடிதங்களில் ஒரே கேள்வி வெவ்வேறு விதமாக வருகிறது: மூன்றாம் வகுப்புப் பிள்ளையை 'அரும்பு' குழுவில் உட்கார வைத்திருக்கிறார்களே, மறைமுகமாகப் பெயிலாக்கிவிட்டார்களா? இல்லை. எந்த வகுப்பில் இருந்தாலும், பிள்ளை இப்போது நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவதற்கே இந்தப் பிரிப்பு: தொடக்க நிலைக்கு அரும்பு, அடுத்து மொட்டு, அதற்கடுத்து மலர். அந்த நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழு பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிட்டது என்பதுபோல் அதிகாரிகள் பேசுவதை ஏற்க முடியாது. பிரித்த பிறகு ஆசிரியர் யாரோடு எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்பதுதான் பிள்ளை படிப்பதையும் படிக்காததையும் தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டால், ஒருவரிடம் முதல் மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் சேரும். தமிழுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் ஒரு குழுவுக்கு ஆசிரியர் கிடைப்பது இருபது நிமிடம். மீதி நாற்பது நிமிடம் பிள்ளைகள் பயிற்சி நூலோடு தாமாக வேலை செய்ய வேண்டும். மலர் குழுவால் அது முடியும். அவர்களுக்குப் படிக்கத் தெரியும். அரும்பு குழுவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் அது அரும்பு குழு. படிக்கத் தெரியாத பிள்ளையைப் புத்தகத்தோடு நாற்பது நிமிடம் தனியே விட்டால், எழுத்துகளைப் பார்த்து வரையும், படத்துக்கு வண்ணம் தீட்டும், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து நிரப்பும். நேரத்தைச் சமமாகப் பிரிக்கும்போது, அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் உண்மையில் குறைவாகக் கிடைக்கிறது.

அரும்பு என்பது ஒரே நிலையும் அல்ல. ஒரு பிள்ளைக்கு எழுத்தே பழகியிருக்காது. இன்னொன்றுக்கு உயிரும் மெய்யும் தெரியும், உயிர்மெய்க் குறிகளில் தடுமாறும்: கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது, 'கோ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. மூன்றாவது பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொல்லும், சேர்த்துச் சொல்லாக்க வராது. வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ பேசும் நான்காவது பிள்ளை சொல்லை வாசித்துவிடும், பொருள் தெரியாது. நான்கு பேருக்கும் நான்கு வேறு உதவி வேண்டும். ஒரே பயிற்சி நூலின் ஒரே பக்கம் அதைத் தராது. பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கும் ஒருவரால்தான் எங்கே தடங்கல் என்று கண்டுபிடிக்க முடியும்.

யாருக்கு எந்த உதவி என்ற இந்தக் கேள்வியைத் தமிழகம் முன்பே யோசித்திருக்கிறது என்பதுதான் வருத்தம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பாடத்தின் படிகளைக் காட்டும் ஏணியில் பிள்ளை எடுக்கும் அட்டை அது உட்கார வேண்டிய குழுவைச் சொன்னது. ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, சுயமாகக் கற்றல், மதிப்பீடு என ஆறு குழுக்கள். பிள்ளை எவ்வளவு கெட்டி என்று பார்த்துப் பிரிக்காமல், இந்த வேலைக்கு யாருடைய உதவி எவ்வளவு வேண்டும் என்று பார்த்துப் பிரித்தார்கள். அட்டை மாறினால் குழுவும் மாறும். ஒரே பிள்ளை ஒரே நாளில் இரண்டு குழுவில் உட்காரலாம். அட்டைகள் பெருகி, ஆசிரியர் அவற்றை எடுத்துக் கொடுப்பவராகக் குறுகினார் என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் அட்டையைக் கைவிட்டபோது, உதவியை வைத்துக் குழு பிரிக்கும் அந்த யோசனையையும் கூடவே கைவிட்டிருக்க வேண்டியதில்லை.

நேரம்தான் முக்கியம் என்பதற்குச் சான்று வடக்கிலிருந்து வருகிறது. வாசிப்பு நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கும் பிரதம் தொண்டு அமைப்பின் முறையைப் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர் பல மாநிலங்களில் ஆய்வு செய்தார்கள். பிஹாரில் அரசு ஆசிரியர்கள் கோடை முகாமில் இம்முறையில் கற்பித்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். பள்ளி நாட்களில் பயிற்சியும் புத்தகமும் மட்டும் கொடுத்தபோது முன்னேற்றமில்லை. ஆசிரியர்கள் வழக்கமான பாடத்திட்டத்தை முடிக்கவே ஓடினார்கள். ஹரியானாவில் 2012-13இல் இதற்கென்றே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வகுப்பைக் கலைத்து வாசிப்பு நிலைப்படி பிள்ளைகளை உட்கார வைத்தபோது ஹிந்தி வாசிப்பு உயர்ந்தது.

பலவீனமான குழுவுக்குக் கூடுதல் நேரம் என்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் ஏமாற மாட்டார்களா? வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல கதைப் புத்தகங்கள் தாராளமாகக் கிடைத்தால் ஏமாறாது; அந்தப் புத்தகங்களை வாங்கித் தருவது அரசின் கடமை. குழுப் பெயர் பிள்ளையின் மனதைப் புண்படுத்தும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். பெயரைவிட அதில் தங்கும் காலம்தான் புண்படுத்துகிறது. இரண்டு வாரத்தில் கலையும் குழு யாரையும் முத்திரை குத்தாது. ஆண்டு முழுக்க நீடிக்கும் குழு, எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் முத்திரைதான். நிலைகளைச் செயலியில் பதிவதால் முன்னேற்றம் தெரிகிறது என்கிறது அரசு. கற்பிப்பவரே மதிப்பிட்டு, அந்த எண்ணை வைத்து அவரையே எடைபோட்டால், பிள்ளை காகிதத்தில் மட்டும் மலரும் அபாயம் உண்டு. 2023-இல் பி.எட். மாணவர்களைக் கொண்டு சரிபார்க்க முயன்றபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆசிரியர்மீது குற்றம் சாட்டப் பயன்படாமல், அடுத்த வாரம் யாரோடு உட்காருவது என்று முடிவு செய்ய மட்டும் பயன்படும் மதிப்பீடுதான் உண்மையைச் சொல்லும்.

பெற்றோரின் கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள். மூன்றாம் வகுப்பில் பெயிலாக்க முடியுமா? சட்டப்படி முடியாது. தமிழில் அரும்பு என்றால் கணக்கிலும் அரும்பா? பாடத்துக்குப் பாடம் மாறலாம். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் திட்டம் உண்டா? 2023-24 முதல் உண்டு. பள்ளியில் என்ன கேட்க வேண்டும்? எந்தக் குழு என்று கேட்பதைவிட, ஆசிரியர் பிள்ளையைத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். வீட்டில்? தினமும் கொஞ்ச நேரம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சி நூலை நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள்; நிரம்பிய பக்கத்தைப் பார்த்து ஆசிரியர் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்.