அடிக்காத ஆண்டையும் ஆண்டைதான்

"இப்பல்லாம் யாருங்க தடுக்கிறா? தாராளமாப் போகலாமே!" பொதுக்குளம், பொதுப்பாதை, கோயில் என்று எதைப் பேசினாலும் ஊரில் நமக்குக் கிடைக்கும் பதில் இதுதான். தடுக்க ஆளில்லை என்றால் அது சுதந்திரமாகிவிடுமா?

1923-ல் பம்பாய் மாகாணச் சட்டசபை, பொதுக் குளங்களையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தலாம் எனத் தீர்மானம் போட்டது. மறு ஆண்டே கொங்கண் பகுதியின் மகாத் நகராட்சி, தனது சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் தடை நீங்கியது. ஆனாலும் நம் மக்கள் அந்தக் குளத்தில் இறங்க முடியவில்லை. இறங்கினால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1927 மார்ச் 20-ல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்துச் சென்று அந்த நீரை அள்ளிக் குடித்தார்கள். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, அன்றே அவர்களைத் தாக்கினார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். சில மாதங்களில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. கொடுத்த கையே பறித்துக்கொண்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 1937-ல்தான் நம் மக்கள் பக்கம் தீர்ப்பானது.

தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் 1958-ல் சுதந்திரத்தை இரண்டாகப் பிரித்துப் பேசினார். பிறர் தடுக்காமல் இருப்பது ஒன்று. தன்னைத் தானே ஆள்வது மற்றொன்று. பின்னாளில் பிலிப் பெட்டிட் இன்னொரு கேள்வியை முன்வைத்தார்: எஜமான் நல்லவனாக இருந்தால் அடிமை சுதந்திரமானவன் ஆகிவிடுவானா? ஆகமாட்டான் என்பதே அவர் பதில். பண்ணையாட்களாக இருந்த நம் பாட்டன் பாட்டிகளுக்கு இதைப் புத்தகம் வந்து சொல்ல வேண்டியதில்லை. அடிக்காத ஆண்டையும் ஆண்டைதான். இன்று ஓங்காத கை நாளை ஓங்கலாம் என்றால், அவன் முகம் பார்த்தே நாம் வாழ வேண்டியிருக்கும்.

அதனால்தான் அம்பேத்கர் 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில், சுதந்திரத்தைச் சமத்துவத்திலிருந்தும் சகோதரத்துவத்திலிருந்தும் பிரிக்க முடியாது என்று எச்சரித்தார்.

எனவே மாணவத் தம்பி தங்கைகளே, "யார் தடுக்கிறா?" என்று இனி எவராவது கேட்டால், நாம் திருப்பிக் கேட்போம்: "நாங்கள் போனால், மறுநாள் எங்கள் அம்மாவுக்கு உங்கள் வயலில் வேலை உண்டா?" அதற்கு வரும் பதிலில் தெரிந்துவிடும், நம் ஊரில் சுதந்திரம் எவ்வளவு இருக்கிறது என்று.