விதி பேசும்: ஆடுபுலியும் 'வெண்பா'வும்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரத் திண்ணை ஒன்றில் கரியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள் இரண்டு பெரியவர்கள். புலி 3, ஆடு 15. புலி தாண்டி வெட்டலாம்; ஆட்டுக்கு அந்த உரிமை கிடையாது. கூடி நின்று புலியை நகரவிடாமல் அடைப்பது ஒன்றே அதற்கான வழி. "அவசரப்பட்டா ஆடு போச்சு" என்றார் ஒருவர். அதிகாரம் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை ஆட்டம் தன் விதிகளாலேயே சொல்லிவிடுகிறது. ஆட்டமும் ஒரு பிரதி என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

விதியை மாற்றினால் பிரதியும் மாறிவிடும். அமெரிக்காவில் லிஸி மேகி என்ற பெண் 1904இல் 'நிலக்கிழார் ஆட்டம்' ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நிலவுடைமை எப்படிப் பலரை ஏழையாக்குகிறது என்று காட்டுவதே நோக்கம். செல்வம் பகிரப்படும் விதிகள், ஒருவரிடமே குவியும் விதிகள் என இரண்டு வகையிலும் ஆட அதில் பிற்பாடு இடம் வைத்தார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் அவரது காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. சந்தையில் வென்ற 'மோனோபொலி'யில் மிஞ்சியது குவிக்கும் விதி மட்டும். படைத்தவர் பெயரும் வேறொரு ஆணுடையதாயிற்று. ஒரு விமர்சனம் கொண்டாட்டமாகிவிட்ட கதை இது.

நம்மவர் செய்த பரிசோதனைக்கு வருகிறேன். டொராண்டோவின் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழுவோடு அபி என்ற வடிவமைப்பாளர் உருவாக்கி 2023 ஜூலையில் வந்த வீடியோ கேம் 'வெண்பா'. 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும், சுயேச்சை விளையாட்டு விழாவின் பெரும் பரிசும் பெற்றது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்து கறை படிந்திருக்கிறது. அழிந்த வரியை ஊகித்து இட்லித் தட்டை அடுக்க வேண்டும், புட்டுக் குழலை நிரப்ப வேண்டும். தப்பினால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். மதிப்பெண் கிடையாது. புலம்பெயர்ந்தவரின் நினைவு முழுமையற்றது என்பதை வசனம் சொல்லவில்லை, கை தடுமாறும்போது தெரிகிறது. இதைத்தான் சாதனை என்பேன். பாட்டு, படம், பாசம் எல்லாம் அப்புறம்.

ஆனால் ஒரு நெருடல். தமிழ்ச் சமையலறை சாதியின் கோட்டை. யார் உள்ளே வரலாம், எது அடுப்பேறலாம் என்பதற்கு அங்கே விதி உண்டு. அந்த விதி பற்றி 'வெண்பா' வாய் திறக்கவில்லை. அம்மாவின் கைமணம் எல்லோருக்கும் ஒன்றென்று ஆகிவிடுகிறது. கடல் தாண்டினால் சாதி போய்விடுமா என்ன?

குறை சொல்வது சுலபம் என்பதால் நண்பர்களோடு ஒன்று முயன்றேன். மாதிரி செய்யக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, கரித்துண்டு போதும். ஆடுபுலியில் 6 ஆடுகளுக்கு மட்டும் கறுப்பு மை தடவி, அவை குறிப்பிட்ட 5 புள்ளிகளில் நிற்கக்கூடாது என்று வைத்தோம். புலியின் விதியைத் தொடவே இல்லை. எத்தனை தடவை ஆடியும் ஆடுகளால் அடைக்க முடியவில்லை. நிற்க வேண்டிய இடத்துக்குக் கறுப்பு ஆடு போக முடியாது, மற்ற ஆடு வந்துசேர்வதற்குள் புலி தாண்டிவிடும். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் "அந்த வெள்ளாட்டுக்காரன் ஏன்யா சும்மா நிக்கிறான்?" என்று கேட்டார். தடைப் புள்ளிகளை 2 ஆகக் குறைத்தும் ஆடிப் பார்த்தோம். நான்கு ஆட்டத்தில் மூன்று புலிக்குத்தான்.