துணி கொடுத்து சாம்பிராணி வாங்கிய கரை... அப்பா அம்மாவோடு சலாலாவில் ஒரு நாள்!

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேகம் தொடும் மலை, நடுவே 2,000 வருடத்துக்கு முந்தைய ஒரு தமிழ்ப் பெயர். ஓமன் நாட்டின் தெற்கு மூலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் எதைப் பார்க்கலாம், எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. தறி ஓடும் ஊர். பட்டு நூலும் ஜரிகையுமாக வாழ்ந்த குடும்பங்களில், அடுத்த தலைமுறை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. சிலருக்கு மஸ்கட், துபாய் என்று வளைகுடா வேலை அமைகிறது. கொஞ்சம் காலூன்றியதும் அந்தப் பிள்ளைகளுக்கு வருகிற முதல் ஆசை, ‘அப்பா அம்மாவை ஒருமுறை இங்கே கூட்டி வந்து காட்டணும்’ என்பதுதான்.

விசிட் விசா எடுத்து, டிக்கெட் போட்டு, லீவு கேட்டால் கிடைப்பது இரண்டு மூன்று நாள். அதில் மாலும், உயரமான கட்டடமும், பாலைவன சஃபாரியும் முடிந்துவிடும். வாழ்நாள் முழுக்கக் குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு மால் படியேறுவதில் பெரிய சுவாரஸ்யம் இருக்காது. அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிற ஊர், ஓமனின் தோஃபார் மாகாணத் தலைநகரான சலாலா.

அரபு நாட்டில் ஒரு கேரளா

மஸ்கட்டிலிருந்து சலாலா சாலை வழியே சுமார் 1,000 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். இறங்கி ஊருக்குள் போனால் தென்னந்தோப்பு, வாழை, பப்பாளி, ரோட்டோரம் இளநீர்க் கடை. மலையாளிகளின் ஹோட்டல்களும் நிறைய உண்டு. தோசைக்கும் டீக்கும் அலைய வேண்டியதில்லை.

பாலைவன நாட்டில் எப்படி இத்தனை பச்சை? கேரளாவை நனைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் காரணம். அந்தக் காற்று தோஃபார் கடற்கரைக்கும் ஈரத்தைச் சுமந்து வருகிறது. இந்தச் சமயத்தில் கரையோரக் கடலின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவதால், காற்றில் இருக்கும் ஈரம் மூடுபனியாக மாறி மலையில் மோதி நிற்கிறது. அடைமழை இல்லை, நாள் முழுக்கத் தூறல். இந்தப் பருவத்துக்கு ‘கரீஃப்’ என்று பெயர். ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை என்று கணக்கு. மற்ற வளைகுடா நகரங்கள் 45 டிகிரியில் கொதிக்கும்போது, இங்கே 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். மலையைத் தாண்டி வடக்கே இறங்கினால் மறுபடியும் வறண்ட பாலைவனம்.

கிழக்கா, மேற்கா?

சலாலாவில் டிரைவரோடு கார் எடுத்துச் சுற்றுவதுதான் வழக்கம். நகரத்துக்குக் கிழக்கே ஒரு பாதை, மேற்கே ஒரு பாதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும். ‘ரெண்டையும் ஒரே நாளில் முடிச்சிடலாம்’ என்று யாராவது சொன்னால், நாள் முழுக்கக் கார் சீட்டில்தான் கழியும். வயதானவர்களோடு போகிறவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரே ஒரு நாள்தான் என்றால் தமிழ்க் குடும்பங்களுக்குக் கிழக்குப் பாதை. காரணம், சும்ஹுரம்.

மண்ணுக்குள் இருந்த ‘கீரன்’

சலாலாவிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கோர் ரோரி என்ற கடற்கழி. அதன் கரை மேட்டில் கல் சுவர்களாக நிற்கிறது சும்ஹுரம் என்ற பழைய துறைமுக நகரம். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே எழுந்து, கி.பி. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் கைவிடப்பட்ட ஊர். இதன் மொத்த வாழ்வும் ஒரே ஒரு சரக்கைச் சுற்றி இருந்தது. அதுதான் மலையில் விளையும் சாம்பிராணிப் பிசின்.

இங்கே இத்தாலிய ஆய்வுக் குழு பல வருடங்களாக அகழாய்வு செய்து வருகிறது. 2006-ல் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்துகள் இருந்தன. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை ‘ணந்தை கீரன்’ என்று படித்தார். கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கப்பட்ட இந்த ஓடு பற்றி 2012-ல் செய்தி வெளியானது. கீரன் என்ற பெயர் நமக்குப் புதிதா என்ன? நக்கீரன் பெயரில் இருப்பதும் அதே கீரன்தானே!

அரசனோ புலவனோ எழுதிவைத்த கல்வெட்டு இல்லை இது. புழங்குகிற பாண்டத்தில் எழுதிய ஒரு மனிதரின் பெயர். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான பெரனிகே, குசேர் அல்-கதிம் ஆகிய இடங்களிலும் இப்படித் தமிழ்-பிராமி எழுதிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அரேபியத் தீபகற்பத்தில் கிடைத்தது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு.

1950-களில் இதே இடத்தில் தோண்டிய அமெரிக்கக் குழுவுக்கு, இந்தியப் பாணியில் செய்த ஒரு பெண்ணின் வெண்கலச் சிற்பம் கிடைத்தது. ஆக, இந்தக் கரைக்கும் நம் பக்கத்துக்கும் போக்குவரத்து இருந்ததற்குச் சான்றுகள் ஒன்றுக்கு மேல் உண்டு.

துணிக்குச் சாம்பிராணி

நெசவு ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’ என்ற கடல் வணிகக் கையேட்டில் ‘மோஸ்கா’ என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது சும்ஹுரம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

சேரர் துறைமுகங்கள் இருந்த மேற்குக் கரையிலிருந்தும், குஜராத்தின் பரூச்சிலிருந்தும் கிளம்பிய கப்பல்களில் சில, பருவம் தவறினால் இங்கே தங்கிவிடும். தங்கும் மாதங்களில் கையில் இருக்கும் துணி, தானியம், எண்ணெய் ஆகியவற்றை அரசு அதிகாரிகளிடம் கொடுத்து, பதிலுக்குச் சாம்பிராணி ஏற்றிக்கொள்ளும் என்கிறது அந்தக் கையேடு.

அந்தத் துணி பட்டல்ல, பருத்தி. கிளம்பிய இடமும் காஞ்சி அல்ல, மேற்குக் கரை. ஆனாலும் நம் நாட்டில் யாரோ ஒருவர் தறியில் அடித்து நெய்த துணி, கடல் கடந்து இந்த மேட்டில் கைமாறியிருக்கிறது. தறிக்காரரான அப்பாவை இந்தச் சுவர்களுக்கு நடுவே நிற்க வைத்துச் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

நடைபாதை பெரும்பாலும் திறந்த வெளி, நிழல் குறைவு. கரீஃப் அல்லாத மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் இங்கே வந்துவிடுங்கள்.

அருவி, மலை, குதிரைத் துறை

சும்ஹுரத்துக்கு முன்னதாகவே தாக்கா என்ற சின்ன ஊர் வரும். அங்குள்ள பழைய கோட்டையை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அடுத்தது வாதி தர்பாத். ‘வாதி’ என்றால் அரபியில் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கரீஃப் காலத்தில் அருவியும் ஓடையும் பச்சைப் புல்வெளியும், நடுவில் மேயும் ஒட்டகங்களுமாக இருக்கும். கார் கிட்டத்தட்ட தண்ணீர் அருகே வரை போகும் என்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்ற இடம். தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம்.

அங்கிருந்து மேலே ஏறினால் தவி அதைர். ‘பறவைகளின் கிணறு’ என்று அர்த்தம். சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான, 200 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம். பார்வை மேடைக்கு நடக்க வேண்டும். இறக்கம் கஷ்டமாக இருந்தால் வயதானவர்கள் இதை விட்டுவிடலாம். ஜபல் சம்ஹான் மலை முனையில் கார் நிற்கிற இடத்திலிருந்தே, ஆயிரம் மீட்டருக்கும் கீழே கடற்கரைச் சமவெளி விரிவது தெரியும். மூடுபனி நாளில் கால் கீழே மேகம்தான் இருக்கும்.

கடைசியாக மிர்பாத். மதியச் சாப்பாட்டுக்கு மீன் கிடைக்கும் பழைய துறைமுக ஊர். தோஃபார் கரையிலிருந்து இந்தியாவுக்குக் குதிரைகள் ஏற்றுமதியானதை 14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக்குக் குதிரை கொண்டுவரும் வணிகர்களின் ஊர்களில் தோஃபாரையும் சேர்க்கிறார். நம் ஊர் அரசர்களின் குதிரைப் படைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் வரவு இருந்தது.

மேற்கே போனால்...

இரண்டாவது நாள் கிடைத்தால் மேற்குப் பாதை. சலாலாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் முக்ஸைல் கடற்கரை. பாறைக்கு அடியில் அலை புகுந்து, மேலே உள்ள துளைகள் வழியே பெரிய ஊற்றாகத் தண்ணீர் பீய்ச்சும். கரீஃப் காலத்தில் இந்தக் காட்சி உச்சத்தில் இருக்கும்.

ஆபத்தும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். 2022 ஜூலையில் இங்கே தடுப்பைத் தாண்டிப் பாறைக்குப் போன எட்டுப் பேர் அலையில் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் இந்தியர்களும், குழந்தைகளும் இருந்தார்கள். மூன்று பேரை மட்டுமே உடனே மீட்க முடிந்தது. ஒரு போட்டோவுக்காகத் தடுப்புக் கம்பியைத் தாண்டாதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கடல் குளிப்பதற்கு இல்லை.

முக்ஸைல் தாண்டி ஏமன் எல்லைப் பக்கம் போகும் மலைச்சாலை கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. வழியில் சாம்பிராணி மரங்களை இறங்கிப் பார்க்கலாம். நபி அய்யூப் அடக்கத் தலமும் சலாலாவை ஒட்டிய மலையில்தான். அங்கே ஆண், பெண் இருவருமே உடலை மூடிய உடையில் போக வேண்டும், பெண்கள் தலையையும் மூட வேண்டும்.

பால் வடியும் மரம்

சாம்பிராணி மரம் பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, கல்லில் வேர் விட்டு நிற்கும். பட்டையைச் சிறு உளியால் சீவினால் பால் போல வடியும். அரபியில் ‘லுபான்’ என்று பெயர் வந்ததே பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான். முதலில் வடிவதை விட்டுவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி சீவி, காய்ந்த கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். ஏப்ரலில் ஆரம்பிக்கும் வேலை இது.

நம் வீட்டில் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணி பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வரும் வேறு மரத்துப் பிசின். நாட்டு மருந்துக் கடையில் ‘குந்திரிகம்’ என்று கொடுப்பதுதான் இந்த அரபு மரத்தின் இந்திய உறவு. இயேசு பிறந்தபோது ஞானிகள் கொண்டுவந்த காணிக்கையில் பொன்னோடும் வெள்ளைப்போளத்தோடும் இருந்த தூபம் இந்த வகைப் பிசின்தான்.

சலாலாவின் அல் ஹஃபா சந்தையில் இது கிலோ கணக்கில் குவிந்திருக்கும். மழை எட்டாத வறண்ட மலைச்சரிவில் விளையும் ‘ஹோஜரி’ உயர்ந்த ரகம். வெளிறிய, லேசாகப் பச்சை சாயல் கொண்ட, வெளிச்சம் ஊடுருவும் கட்டிகளுக்கு விலை அதிகம். பழுப்பும் தூசுமாக இருப்பது மட்ட ரகம். தூபக்கால் போன்ற மண் சட்டிகளும் அங்கேயே கிடைக்கும். எரிக்கும் கரித்துண்டுகளை மட்டும் வாங்காதீர்கள். பல விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

சாம்பிராணி மரங்கள் நிற்கும் வாதி தௌகா, சும்ஹுரம், சலாலா நகருக்குள்ளேயே இருக்கும் அல் பலீத் பழைய நகரம், பாலைவனத்து ஷிஸ்ர் ஆகிய நான்கையும் சேர்த்து 2000-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அல் பலீத்தில் அருங்காட்சியகமும் உண்டு. வெயில் அதிகமான மதியத்துக்கு நல்ல புகலிடம்.

கிளம்பும் முன் இதையெல்லாம் பாருங்கள்

* எப்போது போகலாம்? பச்சையும் கூட்டமும் வேண்டுமானால் ஜூலை, ஆகஸ்ட். ஹோட்டல் வாடகை எகிறும், மூடுபனியில் தூரக் காட்சி தெரியாது. செப்டம்பர் கடைசியில் பச்சை இருக்கும், பனி விலகிவிடும். கடல் அமைதியாக வேண்டுமானால் நவம்பர் முதல் மார்ச் வரை.

* விசா: ஓமனுக்கு இ-விசா எடுக்கலாம். பெற்றோர் துபாய்க்கு விசிட் விசாவில் வந்திருந்தால், அது ஒருமுறை மட்டும் நுழையும் விசாவா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் ஓமன் போய்விட்டுத் திரும்ப மறுபடி விசா எடுக்க வேண்டும்.

* கார் பேசும்போது: சொல்கிற தொகை தலைக்கா, வண்டிக்கா? எத்தனை மணி நேரம்? நுழைவுக் கட்டணமும் சாப்பாடும் சேர்ந்ததா? மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். ஒரு ஓமன் ரியால் 200 ரூபாய்க்கும் மேல் என்பதை மறக்காதீர்கள். ‘அஞ்சு ரியால்தானே’ என்பது இங்கே ஆயிரம் ரூபாய்.

* நீங்களே ஓட்டினால்: சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். மலைச்சாலையில் மூடுபனியும் ஒட்டகமும் ஒன்றாக வரும். இருட்டுவதற்குள் சமவெளிக்கு இறங்கிவிடுங்கள்.

* மருந்து: பிபி, சுகர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். தூக்கத்துக்கும் கடுமையான வலிக்கும் எடுக்கும் மாத்திரைகளில் சிலவற்றுக்கு வளைகுடாவில் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

* அவசரத்துக்கு: ஓமனில் போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 9999.

முக்கியமான இன்னொன்று. டிரைவர் கொடுக்கிற லிஸ்ட்டில் ஏழெட்டு இடம் இருக்கும். எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சும்ஹுரம், வாதி தர்பாத், மாலையில் சாம்பிராணிச் சந்தை என்று மூன்று போதும். ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் உட்கார ஒரு கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு டைம்டேபிள் போட வேண்டியது டிரைவர் அல்ல, அப்பாவின் முழங்கால்!