ஆவி பிடிக்கும் குண்டானும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரும்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு மூக்குறிஞ்சும் சத்தம்தான். ஒருவர் தும்மினால் நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள், அதுவும் காசு வாங்காமல். அதில் முதலிடம் எப்போதும் ஆவி பிடிப்பதற்கு. குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். வேலியோரம் ஒடித்த நொச்சிக் கொத்தும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் அதில் விழும். இறக்கி வைத்து, தலையோடு போர்வையைப் போர்த்தி, “நல்லா இழு, வேர்க்கிற வரைக்கும் போர்வையை எடுக்காதே” என்று பாட்டி அதட்டுவார். சித்த மருத்துவத்தில் இதற்கு வேது பிடித்தல் என்று பெயர். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிப்பது அதே வீட்டில் இரண்டாம் பட்சம்தான். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதோ யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் செய்கிற வேலை.

மருத்துவச் சோதனைகளின் முடிவுகளை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிறது.

சளி பிடிப்பது ஒரே நோய் அல்ல. இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் அதைக் கொண்டுவருகின்றன. அவற்றில் பெரும்பங்கு ரைனோ வைரஸ் கூட்டத்துக்கு. அந்தக் கூட்டத்தில் மட்டும் 160 வகைக்கு மேல் உண்டு. ஒன்றுக்கு உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொள்வதற்குள் அடுத்தது வாசலில் நிற்கும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையும், சின்னக் குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு தடவையும் சளி பிடிப்பது இயல்புதான். “என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை” என்று டானிக் வாங்க ஓடுகிற பெற்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சாதாரணச் சளியில் இரண்டாம் மூன்றாம் நாள்தான் தொல்லை உச்சத்தில் இருக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் குண்டானை அடுப்பில் ஏற்றுவோம். நாலாம் நாளிலிருந்து உடம்பு தானாகவே தேறத் தொடங்கும். பேர் மட்டும் குண்டானுக்குப் போய்விடும். ஒரு வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய, அதைச் செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆவியை அறிவியல் கேலி செய்து ஒதுக்கிவிடவில்லை. ஒரு காலத்தில் அதன் மேல் பெரிய நம்பிக்கையே வைத்திருந்தது. ரைனோ வைரஸ் நன்றாகப் பெருகுவது 33 டிகிரி செல்சியஸ் அளவில். வெளிக்காற்று வந்து போகும் மூக்கின் உட்புறம் ஏறக்குறைய அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் மூக்கைச் சூடாக்கினால் வைரஸ் திணறாதா? 1965-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே ல்வோஃப் இந்தத் திசையில் யோசித்தவர். 1980-களில் 43 டிகிரி ஈரக்காற்றை மூக்குக்குள் செலுத்தும் கருவியே வந்துவிட்டது. இஸ்ரேலில் நடந்த சோதனை சாதகமாக வந்தது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில், தன்னார்வலர்களை வரவழைத்து அவர்களுக்கு வேண்டுமென்றே சளி பிடிக்கவைத்து ஆராய்ந்த நிலையம் ஒன்று பல பத்தாண்டுகள் இயங்கியது. 1989-இல் அங்கே செய்த சோதனையிலும் சூடான காற்றை இழுத்தவர்களுக்குத் தொல்லை குறைந்தது.

பிறகு அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவர்கள் 1990-இலும் 1994-இலும் அதையே செய்து பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. மூக்கிலிருந்து வெளியேறும் வைரஸ் குறைகிறதா என்று வேறொரு குழு அளந்தது. அதுவும் குறையவில்லை. இப்படி நடந்த ஆறு சோதனைகளையும் ஒன்றாக எடை போட்டவர்கள் சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மீனு சிங்கும் அவருடைய குழுவினரும். சூடான ஈரக்காற்றைச் சளிக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்பது 2017-இல் அவர்கள் புதுப்பித்த அறிக்கையின் முடிவு.

அப்படியென்றால் ஆவி பிடித்து எழுந்ததும் மூக்கு திறந்த மாதிரி இருக்கிறதே, அது பொய்யா? பொய்யில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் உறைந்த சளியைச் சற்று நேரம் இளக்கும். தைலம் விட்டிருந்தால் கதை இன்னும் சுவாரசியம். தைலத்திலுள்ள மென்தால் நம் நரம்பு முனைகளில் குளிர்ச்சியை உணரும் வாயில் ஒன்றைத் தட்டிவிடுகிறது. உடனே மூளை, ‘காற்று தாராளமாக வருகிறது’ என்று எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கிள்ஸ் கருவி வைத்து அளந்து பார்த்தார். மூக்கு வழியே போகும் காற்றின் அளவு மாறவே இல்லை, திறந்துவிட்டது என்ற உணர்வு மட்டும் கூடியிருந்தது. ராத்திரி தூங்க முடியாமல் தவிக்கிறவருக்கு அந்த உணர்வே பெரிய உதவிதான். ஆனால் நோயை விரட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வேளைக்கு ஒரு தரம் போர்வைக்குள் போவதில் பயனில்லை.

பயனில்லை என்பதோடு முடிந்தால் நானும் பேசாமல் விட்டுவிடுவேன். ஆபத்தும் இருக்கிறது. 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். நாம் வைப்பதோ அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீர். அதைத் தரையிலோ ஸ்டூலிலோ மடியிலோ வைத்து, கண்ணை மூடி, மேலே போர்வையையும் போட்டுக்கொள்கிறோம். பக்கத்தில் தவழும் குழந்தை. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், ஆவி பிடிக்கும்படி சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு லேசான சூட்டுக்காயம் ஏற்பட்டிருந்தது. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், தெருமுனையிலும் ரயில் நிலையத்திலும் குக்கரில் குழாய் மாட்டி ஆவி விநியோகம் நடந்தது நினைவிருக்கும். தொற்று இன்னும் பரவும், பொது இடங்களில் வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

தைலத்திலும் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவும் பழக்கம் இன்றும் இருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். சின்னக் குழந்தைக்கு அது வலிப்பைக் கொண்டுவரலாம். நீலகிரித் தைலத்தை முகர்ந்த பிறகு பெரியவர்களுக்கே வலிப்பு வந்ததை பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் 2017-இல் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கைப் பொருள், எவ்வளவு போட்டால் என்ன என்ற எண்ணம் இந்த இடத்தில் செல்லாது.

இப்போது உப்புத் தண்ணீருக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சந்தீப் ராமலிங்கம் தலைமையில் ஒரு குழு சளி பிடித்த 66 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பாதியினர் சற்று உப்புக் கூடிய நீரால் மூக்கைக் கழுவித் தொண்டையைக் கொப்பளித்தார்கள். மறுபாதி வழக்கம்போல் இருந்தது. கழுவியவர்களுக்குச் சளி ஏறக்குறைய இரண்டு நாள் முன்னதாகவே விலகியது. வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொண்டதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2019-இல் இது வெளியானபோது, சின்ன ஆய்வுதானே என்று சொல்ல இடமிருந்தது.

2024-இல் அந்த இடமும் சுருங்கியது. பிரிட்டனில் 13,799 பேரைச் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு ‘லான்செட்’ குழும இதழில் வந்தது. சளியின் முதல் அறிகுறி தெரிந்ததுமே மூக்கில் வெறும் உப்புநீர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டவர்கள், ஆறு மாதத்தில் நோயோடு கழித்த நாட்கள் சராசரி 6.4. ஸ்ப்ரே எதுவும் இல்லாதவர்களுக்கு அது 8.2. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. உப்புநீர்க்காரர்கள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வைரஸ் சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் அசித்ரோமைசின் வாங்கி மூன்று நாள் விழுங்கும் நம் ஊருக்கு இந்த எண் முக்கியம்.

உப்பில் அப்படி என்ன இருக்கிறது? முதல் வேலை வெறும் கழுவல்: வைரஸும் தூசும் கெட்டிச் சளியும் அடித்துக்கொண்டு போகின்றன. இரண்டாவதைத்தான் எடின்பரோ குழு 2018-இல் காட்டியது. சோடியம் குளோரைடிலுள்ள குளோரைடை எடுத்து, மூக்கின் உட்தோல் செல்கள் ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கின்றன. பிளீச்சிங் பவுடர் கலந்த நீரில் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். குளோரைடு கூடுதலாகக் கிடைத்தால் செல்களுக்குள் அமிலமும் கூடி வைரஸ் பெருகுவது தடைபடுகிறது.

கொப்பளிப்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கே வெளியே போய் வந்ததும் தொண்டையைக் கொப்பளிப்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பழக்கம். 2005-இல் வெளியான ஆய்வில் 387 பேரை மூன்று பிரிவாக்கி, 60 நாள் கவனித்தார்கள். வெறும் தண்ணீரில் தினம் மூன்று வேளையாவது கொப்பளித்தவர்களுக்குச் சளி பிடிப்பது 36 விழுக்காடு குறைந்தது. பொவிடோன் அயோடின் கலந்து கொப்பளித்தவர்களுக்குக் குறிப்பிடும்படி குறையவில்லை. காசு கொடுத்து வாங்கியது தோற்றது, குழாய்த் தண்ணீர் ஜெயித்தது.

செய்முறை எளிது. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. இது ரத்தத்திலுள்ள உப்பின் அளவுக்கு ஒட்டி வருவதால் மூக்கு எரியாது. வெறும் தண்ணீரை ஏற்றினால்தான் சுரீரென்று எரியும். கல் உப்பு போட்டால் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். கழுத்து நீண்ட நேத்தி குவளையோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். வாயால் மூச்சு விட்டபடி தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு துவாரத்தில் விட்டால் மறு துவாரம் வழியே வழியும். ஆனால் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாகத்தான் இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே நேத்தி குவளையில் ஊற்றிப் பயன்படுத்திய இருவர், மூளையைத் தின்னும் நெக்ளேரியா அமீபாவுக்குப் பலியானார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த அமீபா மூக்கு வழியே ஏறினால்தான் எமன். கேரளத்தில் 2024-இலும் 2025-இலும் அடுத்தடுத்துச் செய்தியானது இந்த வகை மூளைக்காய்ச்சல்தான். ஆக, குண்டானுக்கு அடுப்பில் வேலை இருக்கிறது. கொதித்ததும் முகத்தைக் காட்டாமல் மூடி ஆறவையுங்கள்.

சமையலறையில் தேறியது உப்பு மட்டுமல்ல. இருமலுக்குத் தேன் நல்ல மதிப்பெண்ணே வாங்கியிருக்கிறது. இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள 300 குழந்தைகளுக்குப் படுக்கும் முன் மூன்று வகைத் தேனும், ஒரு பிரிவுக்கு மட்டும் தேனைப் போலவே தித்திக்கும் பேரீச்சம்பழப் பாகும் கொடுத்தார்கள். மூன்று தேனும் பாகைவிட இருமலை அதிகம் தணித்தன. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுக்கூட வைக்காதீர்கள். போட்டுலிசம் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும், பச்சிளங்குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். சேனை தொட்டு வைக்கும் பழக்கம் உள்ள வீடுகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மிளகு ரசத்தை யாரும் முறையாகச் சோதித்ததாக நான் படித்ததில்லை. கார்டிஃபில் சூடான பழச்சாற்றை வைத்துப் பார்த்தார்கள். அதே சாறு ஆறியபின் குடித்தால் மூக்கொழுகலும் தும்மலும் இருமலும் மட்டும் தணிந்தன. சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டை வலி, குளிர், அசதி எல்லாம் சேர்ந்து தணிந்தன. ரசத்துக்கு இந்த மறைமுகச் சான்று எனக்குப் போதும்.

ஆடாதொடையின் கதை தனி. அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின். 1960-களில் சந்தைக்கு வந்தது. அது உடம்புக்குள் மாறி உண்டாகும் பொருள் அம்புராக்சால். நெஞ்சுச் சளிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் சிரப்பின் அட்டையைத் திருப்பினால் இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் கண்ணில் படும். வேலியில் நிற்கும் செடிக்கும் மருந்துக்கடைப் புட்டிக்கும் இடையே நாம் கட்டுகிற மதில் அவ்வளவு உயரமானதல்ல.

கடைசியாக, சளி என்று வீட்டிலேயே வைத்துப் பார்க்கக் கூடாத நிலைகள். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுவரை என்றால் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தாலோ, அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்கான பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.