ஒன்பதாவது எண் (கணினிக் கணக்குப்பிள்ளைகள் – 14)

கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்துக்கு நடந்து வருபவரிடம் "ஏன் தாமதம்?" என்று கேட்டால், "ரயில் லேட்" என்பார். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தச் சாக்குக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். ஆனால், மேடையில் நின்றது 25 நிமிடம், பயணம் 65 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி 90 என்று மட்டும் குறித்தால், பழி முழுவதும் ரயில்மேல் விழும்.

என்எஃப்எஸ் கோப்பு முறையிலும் இதே வழக்குதான். வேறொரு கணினியில் (சர்வரில்) உள்ள கோப்பை நம் கணினியிலேயே இருப்பதுபோல் திறக்கவைக்கும் இந்த ஏற்பாட்டை, 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. "கோப்பு திறக்க நேரமாகிறது" என்று புகார் வந்தால், லினக்ஸ் நிர்வாகிகள் ஓட்டிப் பார்க்கும் சிறு கருவி என்எஃப்எஸ் ஐஓஸ்டாட். பைத்தானில் எழுதப்பட்ட அது தானாக எதையும் அளப்பதில்லை. லினக்ஸின் மையமான கெர்னல் குறித்துவைக்கும் எண்களைப் படித்து, கழித்து வகுத்துக் காட்டும்; அவ்வளவுதான்.

படித்தல், எழுதுதல் என ஒவ்வொரு செயலுக்கும் கெர்னல் ஒரு வரி எழுதுகிறது: கோரிக்கைகள் எத்தனை, எத்தனை முறை அனுப்பப்பட்டன, எத்தனை காலாவதியாயின, போன பைட், வந்த பைட், வரிசையில் காத்திருந்த நேரம், சர்வருக்குப் போய்வந்த நேரம், மொத்த நேரம். தொடக்கத்தில் எட்டு எண்கள். இவற்றிலுள்ள மூன்று நேரங்களில் கடைசி இரண்டை மட்டுமே கருவி நெடுங்காலம் காட்டியது. காத்திருந்த நேரம் கெர்னலின் கணக்கில் இருந்தது, திரையில் இல்லை. பின்னர்தான் அதற்கும் பிழைகளுக்கும் தனிப் பத்திகள் சேர்ந்தன.

இத்தகைய மாற்றத்துக்கு நிரலில் சில வரிகள் போதும். அதைச் சீராய்வு செய்பவருக்குத்தான் வேலை அதிகம்.

முதலில் பூஜ்யம். யாரும் தொடாத கோப்பகத்தில் கோரிக்கை எண்ணிக்கை 0. சராசரி காண அந்த எண்ணால் வகுத்தால் நிரல் அங்கேயே விழும். பழைய நிரலில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. புதிய வகுத்தலும் அந்தத் தடுப்புக்குள் இருக்கிறதா?

அடுத்தது பிழை எண்ணிக்கை. கெர்னலில் அது பின்னாளில் சேர்ந்த ஒன்பதாவது எண். பழைய கெர்னலின் வரியில் எட்டுதான் இருக்கும். இல்லாத ஒன்பதாவதைக் கேட்டாலும் நிரல் விழும். ஆகவே வரியின் நீளத்தை முதலில் பார்க்க வேண்டும். இதைவிட நுட்பமான கேள்வி: எண் இல்லாத இடத்தில் திரையில் என்ன காட்டுவது? 0 என்று போட்டால், "பிழையே நேரவில்லை" என்று நிர்வாகி நம்பிவிடுவார். உண்மையில் யாரும் எண்ணவே இல்லை.

மூன்றாவது, பத்தியின் இடம். ஐந்தாவது பத்தியை வெட்டியெடுத்து வரைபடம் போடும் ஸ்கிரிப்டுகள் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். புதியதை நடுவில் செருகினால், அவை சத்தமில்லாமல் வேறு எண்ணை வரையும். அதனால் புதிய பத்திகள் வரியின் கடைசிக்குப் போயின.

இப்போது ஒரு திரையைப் பாருங்கள். போய்வந்த நேரம் 2 மில்லி நொடி, மொத்தம் 40, வரிசையில் 38. சர்வர் அறைக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. கோரிக்கை நம் பக்கத்து மேடையிலேயே நிற்கிறது. அந்த மேடையில் கூட்டம் சேர்வது எப்படி என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)