அழித்தது யார்? ஏடு சொல்லும்!

நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்கும் மென்பொருள் குபர்னெட்டீஸ். 2014-இல் கூகுள் வெளியிட்டது. கிரேக்க மொழியில் இதற்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

இதற்கு இடும் கட்டளைகள் ஏபிஐ சர்வர் என்னும் வாசல் வழியாக நுழைகின்றன. யார், எப்போது, என்ன கேட்டார் என்பதை அந்த வாசலிலேயே ஓர் ஏட்டில் பதியலாம். ஆனால், எதைப் பதிவது என்ற விதிகளை நாம் கொடுக்காவிட்டால் ஒரு வரிகூடப் பதிவாகாது!

விதிகளில் முதலில் பொருந்துவதே செல்லும். ‘எதையும் எழுதாதே’ என்ற பொதுவிதி மேலே இருந்தால் கீழுள்ளவை வீண். எல்லாவற்றையும் முழுமையாக எழுதினாலோ, கடவுச்சொற்களும் ஏட்டில் ஏறிவிடும்!

சரிபார்ப்பது எப்படி? சிறு மாற்றம் ஒன்றைச் செய்துவிட்டு ஏட்டைப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையா? நாளை திருடன் நுழைந்தாலும் அவன் பெயர் இருக்காது.